இதையும் பார்க்க

பேனாவுக்கு அனுமதி இல்லை.
பையையும் குடையையும் வாங்கிப் பூட்டிவிட்டு
சீவின பென்சில் ஒன்றைத் தந்தாள் நொம்பூசோ.
மாரிட்ஸ்பர்க் நூலகத்தின் மேல்மாடி,
திங்கட்கிழமை மட்டும் திறக்கிற அறை.

தம்பி மகன் பிரெனோலனுக்கு
இந்திய வம்சாவளி அட்டை வேண்டுமாம்,
விசா வரிசையில் நிற்காமலிருக்க.
கப்பலில் வந்தவர் பெயர் போட்ட தாளைக் கேட்கிறார்கள்.
அவனுக்கு நேரமில்லை.
எனக்குப் பணி ஓய்வு,
வயதானவர்களுக்கு பார்க்கிங் இலவசம்.

அட்டைப் பெட்டியை இழுத்தால்
படையாச்சி ஏழு விதமாய்க் கிடந்தார்.
ஈயில் முடிந்தவர், ஒய்யில் முடிந்தவர்,
நடு எழுத்தை விழுங்கியவர்,
குமாஸ்தாவின் அவசரத்தில் பாதிரியாகிவிட்டவர்.
தமிழில் எழுதினால் ஒரே ஆள்.
ஒவ்வோர் அட்டையின் அடியிலும் சிவப்பு மையில்
இதையும் பார்க்க,
இதையும் பார்க்க.

பிலிம் சுருளைக் கருவியில் மாட்டிவிட்டாள்.
கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
கப்பல்கள் பக்கவாட்டில் ஓடின.
குமட்டிக்கொண்டு வந்தது.
"எல்லாருக்கும் இப்படித்தான்,
பத்துக் கப்பலுக்குள் பழகிவிடும்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அவரைப் பிடித்தேன்.
எண், பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்திரண்டு,
ஜில்லா வட ஆர்க்காடு,
ஊர், மை ஊறிப்போன ஒரு கறை.
எங்கள் வீட்டுக் கதைப்படி
அடுத்த வரியில் மனைவி இருக்க வேண்டும்,
இடுப்பில் பிள்ளையோடு.
அடுத்த வரியில் ஒரு வண்ணான்.
அதற்கடுத்து
ஒரே தகப்பன் பெயரில் இரண்டு பையன்கள்.

நான்கு வருஷம் தள்ளிச் சுற்றியபோது
அவள் வந்தாள்.
ஊனாமலே.
வாய்விட்டு மூன்று முறை சொன்ன பிறகுதான்
காதில் உண்ணாமலை என்று விழுந்தது.
தனியாள். வயது இருபத்துநான்கு.
நாலடி ஒன்பது அங்குலம்.
அடையாளம்: இடது முன்கையில் தேள், பச்சை குத்தியது.
அவளுக்குக் கீழே
தீர்த்தன், ஆண், வயது நான்கு.
என் தாத்தா.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

அடுத்த கட்டம்வரை இழுத்திருக்கிறான்.
அவன் கேட்டு அவள் சொல்லவில்லையா,
அவள் சொல்லி அவன் எழுதவில்லையா?
கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும்
நாங்கள் போட்டுவந்த பெயர்
அந்தக் கோட்டுக்கு அப்புறம்
ஏதோ ஒரு கரும்புத் தோட்டத்தில்
வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.
தேள்தான் வந்தது.
கொடுக்கு மணிக்கட்டுப் பக்கமா, முழங்கைப் பக்கமா?
அதை யாரிடம் கேட்பது?

பின்னால் வந்து நின்று படித்த நொம்பூசோ சொன்னாள்:
"எங்கள் ஆட்களைத் தேட குடிசை வரிப் புத்தகம்தான்.
வரி கட்டின ஆணின் பெயர் இருக்கும்.
உள்ளே இருந்தவர்கள் வெறும் எண்ணிக்கை.
உன் ஆளுக்குத் தேளாவது இருக்கிறது."
சிரித்தாளா என்று தெரியவில்லை,
விளக்கு கருவிக்குள் மட்டும்தான் எரிந்தது.

நகல் பக்கத்துக்கு ஐந்து ராண்ட்.
படையாச்சியின் பக்கம் பிரெனோலனுக்கு,
அவன் கேட்டது அதுதான்.
இன்னொரு ஐந்து ராண்டையும் வைத்தேன்.

நாலரைக்குப் பூட்டுமுன்
வெற்று அட்டை ஒன்றை நீட்டினாள்.
"அவள் எழுத்திலேயே எழுதிக் கொடு."
அவளுக்கு எழுத்து தெரிந்திருக்குமா?
மூன்று சுழியை எண்ணி எண்ணிப் போட்டேன்.
வாங்கித் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தாள்,
திருப்பினாள்,
கீழே சிவப்பில் இதையும் பார்க்க என்று எழுதிவிட்டு
எதை, என்பதுபோல்
என் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே மழை.
பிரெனோலன் இரண்டு தடவை அழைத்திருந்தான்.